வலியும் இழுவையும்: திருவிதாங்கூர்ச் சாலைகளில் எஞ்சின் 'டியூனிங்' பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

எஞ்சினைத் தன் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் பழக்கம் அண்மைக்கால இளைஞர்களின் மோகமாகவே நாளிதழ்களில் சித்திரிக்கப்படுகிறது. வரலாறு அதற்கு நேர்மாறானது. திருவனந்தபுரத்தில் அரசுப் பேருந்து ஓடத் தொடங்கிய நாளிலேயே அந்தப் பேருந்தின் எஞ்சின் ஒரு நிறுவனத்துடையது, அடிச்சட்டம் மற்றொன்றுடையது, உடற்கட்டு இந்நகரத்துத் தொழிலாளர்களுடையது. தயாரிப்பாளர் கொடுத்ததை அப்படியே ஓட்ட வேண்டும் என்ற எண்ணமே நம் சாலைகளுக்குப் பிற்காலத்தில் வந்தது.

தென் திருவிதாங்கூர்ப் பகுதியின் தொழிற்சொற்களைத் தொகுத்துவரும்போது கரமனைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட பட்டறைகளின் மொழி என் கவனத்தை ஈர்த்தது. அதன் வழியே சென்றபோது, சொற்களின் வரலாறு சட்டத்தின் வரலாற்றில் போய் முடிந்தது. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் முயற்சியே இப்பதிவு. நீளமானது, பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

1. சொல்லிலிருந்து தொடங்குவோம்

'டியூன்' என்ற ஆங்கிலச் சொல் 'டோன்' என்பதன் திரிபு. அதன் மூலம் கிரேக்கத்தின் 'தோனோஸ்'. பொருள், இழுத்துக் கட்டிய நிலை, விறைப்பு. நரம்பை இழுத்துக் கட்டினால் சுருதி பிறக்கிறது. அவ்வகையில் அது இசைச் சொல்லாயிற்று. எஞ்சின் வந்தபோது, அதன் ஓசையைக் கேட்டே சீர்செய்ய வேண்டியிருந்ததால், இசைச் சொல் இயந்திரத்துக்கும் சென்றது.

வீணைக்கும் தம்புராவுக்கும் 'சுருதி சேர்த்தல்' என்ற தொடர் தமிழில் இருக்கிறது. பட்டறை அதை எடுத்துக்கொள்ளவில்லை; 'டியூனிங்', 'செட்டிங்' என்ற கடன்சொற்களையே கொண்டது. ஆனால் எஞ்சினின் ஆற்றலைக் குறிக்கும் இடத்தில் கடன்சொற்கள் அவ்வளவு எளிதாக வெற்றிபெறவில்லை. 'பிக்கப்', 'புல்லிங்' என்பவற்றோடு, தமிழில் 'வண்டி இழுக்கவில்லை' என்பதும் 'இழுவை' என்பதும் வாழ்கின்றன. மலையாளத்தில் ஏற்றத்தில் திணறும் வண்டியை 'வண்டி வலிக்குந்நில்ல' என்பார்கள். தமிழர் ஒருவர் இதைக் கேட்டால் வண்டிக்கு நோவில்லை என்று பொருள்கொள்ளக்கூடும். அங்கே 'வலிக்குக' என்பது இழுத்தல். பழந்தமிழில் 'வலி' என்பது வலிமை. 'வலித்தல்' என்பது இழுத்தலும் ஆம். தண்டு வலித்தல் என்ற வழக்கில் அது இன்றும் உண்டு. வலிமையையும் இழுத்தலையும் ஒரே வேரில் வைத்திருந்த மொழி, எஞ்சினுக்கு அதையே பயன்படுத்திக்கொண்டது. பொறியியலார் 'டார்க்' என்று கூறும் சுழல்விசையைப் பாமர வழக்கில் இதைவிடத் துல்லியமாகக் கூறுவது கடினம்.

மூன்றாவது சொல் ஒன்றும் உண்டு. மோட்டார் வாகனத் துறையும் மலையாள நாளிதழ்களும் திருத்தப்பட்ட வண்டிகளைக் குறிக்கப் பயன்படுத்துவது 'ரூபமாற்றம்'. வடிவம் மாறுதல் என்பது இதன் நேர்ப்பொருள். பட்டறையின் சொல் ஓசையிலிருந்தும் இழுவையிலிருந்தும் வருகிறது. அதிகாரத்தின் சொல் கண்ணுக்குத் தெரியும் வடிவத்திலிருந்து வருகிறது. இவ்வேறுபாடு எத்தகைய விளைவுகளை உடையது என்பதைப் பின்னர்க் காண்போம்.

2. 1938: பிறக்கும்போதே திருத்தப்பட்ட பேருந்து

திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறை 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் மன்னர் சித்திரைத் திருநாளால் தொடங்கிவைக்கப்பட்டது. துறையை உருவாக்க வந்தவர் இலண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்ட்டர். மறுநாள் முதல் திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே பொதுமக்களுக்கான சேவை நடைபெற்றது.

அதன் முதற்பேருந்துகளின் அமைப்பு ஆராயத்தக்கது. இங்கிலாந்திலிருந்து 60 காமர் அடிச்சட்டங்கள் தருவிக்கப்பட்டன. அவற்றில் பொருத்தப்பட்டிருந்தவை பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள். உடற்கட்டைச் சால்ட்டரின் மேற்பார்வையில் துறையின் சொந்தத் தொழிலாளர்களே கட்டினர். முதலில் சாக்கையிலும் பின்னர்ப் பாப்பனங்கோட்டிலும் இயங்கிய பணிமனைகளின் மரபு அங்கிருந்து தொடங்குகிறது.

பெர்க்கின்ஸ் எஞ்சினின் பின்னணியையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1932இல் பீட்டர்பரோ நகரில் ஃப்ராங்க் பெர்க்கின்ஸும் சார்லஸ் சாப்மனும் தொடங்கிய அந்நிறுவனம் முழு வாகனங்களைத் தயாரிக்கவில்லை. டீசல் எஞ்சின் என்றால் கனமானது, மெதுவாகச் சுழல்வது என்ற நிலை நிலவிய காலத்தில், பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் வைக்கத்தக்க இலேசான, விரைவாகச் சுழலும் டீசல் எஞ்சினை விற்பதே அதன் வணிகம். வேறு சொற்களில் கூறினால், அது மேம்பாட்டுப் பொருளை விற்ற நிறுவனம். எரிபொருட் செலவு குறையும், இழுவை கூடும், வண்டி முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. குறைந்த செலவில் வாகனத்தின் திறனை உயர்த்துதல் என்று இன்று விளம்பரங்கள் கூறுவதன் கருத்து இதுவே. திருவிதாங்கூர் அரசு தன் முதற்பேருந்துகளை அக்கருத்தின்மீதே ஓடவிட்டது.

அடிச்சட்டம் ஓரிடம், உடற்கட்டு வேறிடம் என்ற இம்முறை இந்தியா முழுவதும் பேருந்து, சரக்குந்துத் தொழிலின் இயல்பான நடைமுறையாக நீண்டகாலம் இருந்தது. 'மூல வடிவம்' என்ற ஒன்று அங்கே தெளிவாக இல்லை. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது சால்ட்டரின் முதல் வழித்தடம் இரு மாநிலங்களுக்கு உரியதாயிற்று. ஆயினும் எல்லைக்கு இருபுறமும் உள்ள பட்டறைகளின் மொழி ஒன்றோடொன்று கலந்தே நிற்கிறது. 1965இல் கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் உருவானபோது பாப்பனங்கோட்டுப் பணிமனை அதன் மையப் பணிமனையாகத் தொடர்ந்தது.

3. கரி தந்த பாடம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டது. தென்னிந்தியச் சாலைகளில் 'கரி பஸ்' தோன்றியது அப்போதுதான். பேருந்தின் பின்புறம் ஓர் உருளைக் கலன். அதில் மரக்கரி குறைந்த காற்றில் எரிக்கப்பட்டு, வெளிப்படும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு எஞ்சினுக்குச் செலுத்தப்படும். அவ்வாயுவில் ஏறத்தாழப் பாதி எரியாத நைட்ரஜன். எனவே பெட்ரோலில் கிடைத்த ஆற்றலில் பாதியைச் சற்று மிஞ்சிய அளவே கிடைக்கும். ஏற்றங்களில் பயணிகள் இறங்கித் தள்ளியதை முதியோர் பலரும் கூறக் கேட்டிருப்போம்.

டியூனிங் வரலாற்றில் இக்காலம் முக்கியமானது. கரிவாயு மெதுவாக எரியும். ஆகவே தீப்பொறியை வழக்கத்தைவிட முன்னதாக எழுப்ப வேண்டும். அழுத்தத்தைத் தாங்கும் தன்மை அதற்கு அதிகம். ஆகவே எஞ்சின் தலைப்பகுதியைச் சீவி அழுத்த விகிதத்தை உயர்த்தினால் இழந்த ஆற்றலில் ஒரு பகுதி மீளும். பொறியியற் கல்லூரியின் வாசலை மிதிக்காத மெக்கானிக்குகள் 'டைமிங்', 'கம்ப்ரஷன்' ஆகிய இரண்டு கருத்துகளையும் தேவையின் நெருக்கடியில் கற்றுக்கொண்டனர். போர் முடிந்து பெட்ரோல் திரும்பியது. கற்றது பட்டறைகளில் தங்கியது.

4. சோழவரமும் இரட்டை வீச்சு எஞ்சினும்

போர் விட்டுச்சென்ற மற்றொன்று விமான ஓடுதளங்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கைவிடப்பட்ட ஓடுதளத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெறலாயின. 1953இல் தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றுக்கு நிறுவன வடிவம் தந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் திறக்கப்பட்டது. இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் சோழவரத்தில் ஓடியவற்றுள் பல, அன்றாடச் சாலையில் ஓடிய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பட்டறைகளில் திருத்தியவையே.

இம்மரபில் கோயம்புத்தூரின் எஸ். கரிவர்தனுக்குத் தனியிடம் உண்டு. 796 கன செ.மீ. மாருதி 800 எஞ்சினைக்கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை அவர் உருவாக்கினார். பணம் படைத்த சிலரின் விளையாட்டாக இருந்ததை நடுத்தரக் குடும்பத்து இளைஞர்களுக்கும் எட்டச் செய்ததே அதன் சிறப்பு. 1995இல் சிறுவிமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மோட்டார் சைக்கிளின் கதை மேலும் விரிந்த உலகத்தோடு தொடர்புடையது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்ட்டர் காடன் என்ற பொறியாளர், இரட்டை வீச்சு எஞ்சினின் புகைக்குழாய்க்குள் எழும் அழுத்த அலைகளைக் கொண்டே எரியாது வெளியேறும் கலவையை உருளைக்குள் திருப்பி அனுப்பலாம் என்பதைச் செய்துகாட்டினார். குழாயின் நீளமும் விரிவும் ஒடுக்கமும் நாதசுரத்தின் அளவுகளைப்போல் துல்லியமாக இருக்க வேண்டும். 1961இல் அந்நிறுவனத்தின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குலகுக்குத் தப்பிச் சென்று ஜப்பானின் சுசுகியில் சேர்ந்தார். அவரோடு அவ்வறிவும் சென்றது. ஜப்பானிய இரட்டை வீச்சு எஞ்சின்களின் எழுச்சி அதற்குப் பிந்தியது.

அவ்வெழுச்சியின் அலை 1980களில் இந்தியக் கரையை அடைந்தது. 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ராஜ்தூத் 350, யமஹா ஆர்.டி. 350 வண்டியின் இந்திய வடிவம். மூல வண்டியின் ஆற்றல் 39 குதிரைத்திறன். இங்கே எரிபொருட் சிக்கனத்தை முன்னிட்டு முதலில் 30.5 குதிரைத்திறனுக்கும், பின்னர் வந்த மற்றொரு வகையில் 27க்கும் குறைக்கப்பட்டது. முன்சக்கரத்தின் வட்டுத் தடைக்குப் பதிலாக டிரம் பிரேக் பொருத்தப்பட்டது. தயாரிப்பாளரே செய்த 'கீழ்நோக்கிய டியூனிங்' இது. குறைத்ததை மீட்டெடுப்பதே பட்டறைகளின் வேலையாயிற்று. ஆற்றலை மீட்ட பலரும் பிரேக்கை மீட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1985இல் வந்த ஆர்.எக்ஸ். 100, 98 கன செ.மீ. எஞ்சினில் 11 குதிரைத்திறன் தந்தது. எடை குறைவு, அமைப்பு எளிது, உதிரிபாகம் மலிவு. 1996இல் உற்பத்தி நின்ற பின்னும் அது திருத்துவோரின் பாடநூலாக நீடிப்பதற்கு இவையே காரணம்.

5. செவியிலிருந்து திரைக்கு

கார்புரேட்டர்க் காலத்தில் டியூனிங் என்பது காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தையும் தீப்பொறியின் நேரத்தையும் கையால் திருத்துவது. முழுமையாக எரிவதற்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். மெக்கானிக் இந்த எண்ணை அறிந்திருக்க வேண்டியதில்லை. பிளக்கின் நிறமும் சைலன்சரின் ஓசையும் அவருக்கு அதைக் கூறிவிடும்.

இந்நகரத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. திருவனந்தபுரம் கடல்மட்டத்தில் உள்ளது; 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து அடையும் பொன்முடி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் சுமார் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். கடற்கரையில் சீராக இருந்த கார்புரேட்டர் அங்கே பெட்ரோலை மிகுதியாகக் கலக்கும், புகை கருக்கும், வண்டி 'வலிக்காது'. மலைப்பகுதி மெக்கானிக் வேறு ஜெட் பொருத்துவார். இடத்துக்கேற்ற தனிப்பட்ட டியூனிங் என்பதன் எளிய வடிவம் அதுவே.

மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது கார்புரேட்டர் படிப்படியாக மறைந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளோடு இருசக்கர வாகனங்களும் பெரும்பாலும் மின்னணு எரிபொருட் செலுத்தலுக்கு மாறின. எஞ்சினின் வேகம், சுமை ஆகிய இரண்டையும் அச்சுகளாகக் கொண்ட அட்டவணைகளில், ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு எரிபொருள், எப்போது தீப்பொறி, டர்போவில் எவ்வளவு அழுத்தம் என்பவை எண்களாக எழுதப்பட்டுள்ளன. 'மேப்' என்று சொல்லப்படுவது இதுவே. டியூனர் அக்கோப்பை எடுத்து, எண்களைத் திருத்தி, மீண்டும் ஏற்றி, டைனோ எந்திரத்திலோ சாலையிலோ ஓட்டித் தரவுகளைப் பார்த்து மறுபடி திருத்துகிறார். எல்லா வண்டிக்கும் ஒரே கோப்பை ஏற்றுவது பொது டியூனிங். குறிப்பிட்ட வண்டியின் தேய்மானம், எரிபொருள், பயன்பாடு ஆகியவற்றை அளந்து செய்வதே தனிப்பயன் டியூனிங்.

இது எவ்வாறு இயலுகிறது? தயாரிப்பாளர் தன் எண்களில் ஓர் இடைவெளியை விட்டுவைக்கிறார். தரம் குறைந்த எரிபொருள், கடும் வெப்பம், பராமரிப்பில் அலட்சியம், மாசு வரம்பு, உத்தரவாதக் காலம் ஆகிய அனைத்துக்குமான காப்பு அது. டர்போ பொருத்திய எஞ்சின்களில் அவ்விடைவெளி பெரிது. டர்போ இல்லாதவற்றில் மிகச் சிறிது. எனவே டர்போ டீசல் காரில் கண்கூடான வேறுபாடு தெரியும். சாதாரணச் சிறு பெட்ரோல் காரில் செலவழித்த பணத்துக்கு ஏற்ற பலன் கிட்டுவது அரிது. மேலும், எடுத்துக்கொள்ளப்படும் ஒவ்வொரு குதிரைத்திறனும் அந்தக் காப்பிலிருந்து எடுக்கப்படுவது. கிளட்ச், டர்போ, பிஸ்டன் ஆகியவை அதன் விலையைச் செலுத்துகின்றன.

மாணவ நண்பர்கள் அடிக்கடி வினவும் நடைமுறைக் கேள்விக்கும் இங்கேயே விடை கூறிவிடலாம். குறைந்த செலவில் பழைய வண்டியின் திறனைக் கூட்ட விரும்புவோர் தொடங்க வேண்டிய இடம் மேப் அன்று. காற்று வடிகட்டி, பிளக், வால்வு இடைவெளி, செயின் விறைப்பு, டயரின் காற்றழுத்தம், நல்ல டயர், நல்ல பிரேக் ஷூ: இவை சட்டத்துக்கு உட்பட்டவை, மலிவானவை, இழந்த ஆற்றலின் பெரும்பகுதியை மீட்டுத் தருபவை. நிறுத்த முடிந்த வேகத்துக்குமேல் ஓட்டும் ஆற்றல் பயனற்றது.

6. சட்டம்: எது மூலபாடம்?

பதிப்பியல் பயின்றோருக்கு இப்பகுதி பழக்கமானதாகத் தோன்றும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு முதலில் கூறியது இது: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் பொருந்தாமற்போகும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது, மாற்ற விரும்பினால் பதிவு அதிகாரிக்கு அறிவித்து ஒப்புதல் பெற வேண்டும். ஏழு நாட்களுக்குள் மறுமொழி வராவிட்டால் ஒப்புதல் அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். அச்சட்டத்தின் கவலை, ஆவணமும் பொருளும் ஒத்திருக்க வேண்டும் என்பதே. வண்டி மாறலாம், சான்றிதழும் உடன் மாற வேண்டும்.

2000ஆம் ஆண்டுத் திருத்தம் அளவுகோலையே மாற்றியது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடுமாறு மாற்றலாகாது என்றாயிற்று. ஒப்பிடப்படும் மூலபாடம் பதிவு அலுவலகத்தின் ஏட்டிலிருந்து தொழிற்சாலையின் ஏட்டுக்கு நகர்ந்தது. எரிவாயு, மின்கலம் முதலிய வேறு ஆற்றல் மூலங்களுக்கு மாற்றும் கருவித்தொகுதிகளுக்கு மட்டும், நிபந்தனைகளுடன் வழி விடப்பட்டது.

இதன் பொருள் யாது என்ற வழக்கு கேரளத்திலிருந்தே உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. மாநில விதிகளுக்கு உட்பட்டு அமைப்பு மாற்றம் செய்யலாம் என்று கேரள உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு கருதியிருந்தது. 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அக்கருத்தை ஏற்க மறுத்தனர். விதிகள் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவை. தயாரிப்பாளரின் மூல விவரங்களை மாற்ற இயலாது. எஞ்சியவற்றை முறைப்படி மாற்றிச் சான்றிதழில் பதியலாம் என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டின் சட்டத்திருத்தம் 182ஏ பிரிவை மாற்றியமைத்தது. அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இங்கே 'ரூபமாற்றம்' என்ற சொல்லுக்குத் திரும்புவோம். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண், அடிச்சட்ட எண், உருளைகளின் எண்ணிக்கை, கன அளவு, எரிபொருள், நிறம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உள்ளன. எஞ்சினுக்குள் இயங்கும் மென்பொருளுக்கென்று கட்டம் இல்லை. சாலைச் சோதனையில் அகலமான டயரும் உரத்த சைலன்சரும் வண்ண விளக்கும் அகப்படும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றலைத் தரும் கோப்பு அகப்படாது. வடிவத்தைக் காணும் சொல் வடிவத்தையே பிடிக்கும்.

மூலபாடத்தின் நம்பகத்தன்மையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளிப்படுத்திய ஃபோக்ஸ்வாகன் விவகாரம் உலகம் அறிந்தது. சோதனைக்கூடத்தில் ஓடும்போது மட்டும் மாசைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை நிறுவனமே எழுதியிருந்தது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அது இருந்தது. மூல ஆசிரியரே இடைச்செருகல் செய்தால் பாடபேதத்தை எதனோடு ஒப்பிடுவது?

7. வடக்கஞ்சேரி

இதுவரை எழுதியதைக் கொண்டு, சட்டம் பட்டறைகளின் அறிவை நசுக்குகிறது என்ற எளிய முடிவுக்கு வந்துவிடலாகாது. 2022 அக்டோபர் 5ஆம் நாள் இரவு பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில், பள்ளி மாணவர்களைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்ற பேருந்து அரசுப் பேருந்தின்மீது மோதியது. ஒன்பது பேர் இறந்தனர். அவர்களுள் ஐவர் மாணவர்கள். சுற்றுலாப் பேருந்தின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி திருத்தப்பட்டிருந்தது என்று போக்குவரத்துத் துறை தெரிவித்தது. அதுவும் ஒரு வகை டியூனிங்தான். கருவியின் எல்லையை விலக்க அறிந்த கைகள் அதைச் செய்திருக்கின்றன.

எனவே கேள்வி, திருத்தலாமா கூடாதா என்பதன்று. உயிர்காக்கும் எல்லையை விலக்கும் திருத்தத்தையும், டிரம் பிரேக்குக்குப் பதிலாக வட்டுத் தடை பொருத்தும் திருத்தத்தையும் பிரித்தறியும் அமைப்பு நம்மிடம் உள்ளதா என்பதே. இப்போதைய சட்டத்தின் அளவுகோல் மூலத்திலிருந்து விலகியதா என்று மட்டுமே கேட்கிறது. நன்மைக்கான விலகலும் தீமைக்கான விலகலும் அதன் முன் ஒன்றே. விளைவு இரண்டு: நல்ல மெக்கானிக் அஞ்சி ஒதுங்குகிறார், கெட்டவர் மறைவாகச் செய்கிறார். மறைவில் செய்யப்படுவதை அளப்போரும் இல்லை, பொறுப்பேற்போரும் இல்லை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக் காரணம் கிடைக்கிறது. இழப்பு முழுவதும் உரிமையாளர் தலையில் விழுகிறது.

மாற்றுவழி கற்பனையன்று. ஜெர்மனியில் டியூஃப் முதலிய ஆய்வு அமைப்புகள் திருத்தப்பட்ட வண்டியைச் சோதித்து, தகுதியுடையதாயின் அம்மாற்றத்தை வண்டியின் ஆவணத்திலேயே பதிவு செய்கின்றன. நம் நாட்டிலும் அதற்கு முன்மாதிரி உண்டு. எரிவாயுக் கருவித்தொகுதியையும் மின்மாற்றக் கருவித்தொகுதியையும் சோதித்து ஒப்புதல் வழங்கும் பணியைப் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அமைப்புகள் செய்துவருகின்றன. எரிபொருளையே மாற்றுவதைச் சோதித்து ஏற்கும் அரசால், பிரேக்கையும் எஞ்சின் அட்டவணையையும் சோதித்து ஏற்க இயலாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் இல்லை. 1988ஆம் ஆண்டின் பிரிவு கொண்டிருந்த 'அறிவி, ஒப்புதல் பெறு, பதிவு செய்' என்ற முறையை, சோதனை என்ற ஒன்றைக் கூட்டி மீட்டெடுப்பதே போதுமானது.

8. ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்

சட்டம் நம் கையில் இல்லை. சொற்கள் நம் கையில் உள்ளன. தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி உழவுத் தொழிற்சொற்களின் வட்டார அகராதியை 1962இலேயே வெளியிட்டார். கேரளப் பல்கலைக்கழகத்தில் வ. அய். சுப்பிரமணியம் மேற்கொண்ட மலையாளக் கிளைமொழி ஆய்வு இந்நகரத்தின் பெருமை. உழவுக்கும் நெசவுக்கும் மீன்பிடிக்கும் கிடைத்த கவனம் மோட்டார்ப் பட்டறைக்குக் கிடைக்கவில்லை. அங்கே பேசப்படுவது வெறும் ஆங்கிலக் கடன் என்ற எண்ணம் அதற்குக் காரணமாகலாம். 'போர் பண்ணுதல்', 'எஞ்சின் இறக்குதல்', 'வண்டி வலிக்குந்நில்ல', 'மிஸ்ஸிங் அடிக்கிறது' ஆகியவற்றின் வினையமைப்பைப் பார்த்தால், கடன்சொல்லை இரு மொழிகளும் எவ்வாறு தம் இலக்கணத்துக்குள் செரித்துக்கொள்கின்றன என்பது புலப்படும். பெயர் வெளியிலிருந்து வருகிறது. வினை உள்ளிருந்து வருகிறது.

செவியால் கேட்டு எஞ்சினைச் சீர்செய்த தலைமுறை ஓய்வுபெற்றுவருகிறது. அடுத்த தலைமுறை மடிக்கணினித் திரையைப் பார்த்துப் பணிபுரிகிறது. அதன் மொழி வேறு. இவ்விரண்டும் ஒரே பட்டறையில் அருகருகே நிற்கும் காலம் நீண்டதன்று. நாகர்கோவில், மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் பகுதிகளில் கள ஆய்வு செய்யும் மாணவர்கள் தத்தம் ஊரின் பட்டறை ஒன்றில் ஒரு நாள் அமர்ந்து, ஐம்பது சொற்களையேனும் அவை வழங்கும் வாக்கியத்தோடு ஒலிப்பதிவு செய்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு பழுதை மெக்கானிக் எந்த ஓசையால் அடையாளம் காண்கிறார் என்பதையும் உடன் குறித்துக்கொள்ளுங்கள். அகராதிகள் தவறவிடுவது அதைத்தான்.

பழைய பணிமனைக் குறிப்பேடுகள், உதிரிபாகக் கடைகளின் விலைப்பட்டியல்கள், திருவிதாங்கூர்ப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றியோரின் நினைவுகள் முதலியவற்றை அறிந்தோர் பின்னூட்டத்தில் தெரிவித்தால் நன்றியுடையேன்.